ஈரோட்டு வெயிலில் ஒரு ஷிராஸ்

"ஆயிரம் ரூபா குடுத்து வாங்கறது. அதுல ஏத்தமும் இல்ல, இனிப்பும் இல்ல. அப்புறம் எதுக்குங்க அதக் குடிக்கோணும்?" கொங்குப் பக்கம் ரெட் ஒயின் பாட்டிலைத் திறந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கடைசியாக என்னிடம் கேட்டவர் ஒரு பங்காளி. கிடா விருந்து முடிந்து, தோட்டத்துச் சாளையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு எல்லோரும் சாய்ந்திருந்த நேரம். நான் பதில் சொல்வதற்குள் டம்ளரில் பாதிக்கு ஸ்பிரைட்டை ஊற்றிக் கலந்து, "இப்பப் பரவால்ல" என்று ஒரே மடக்கில் முடித்துவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்குப் பட்டென்று சொல்ல ஒரு பதில் கையில் இல்லாமல் போனதுதான் பல மாதம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நான் வேலை பார்ப்பது திருப்பூரில், பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக. இங்கே ஒயின் வந்து சேரும் வழியே வேறு. ஆர்டர் பேச வரும் ஐரோப்பிய பையர்கள் கையோடு ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அது கண்ணாடி அலமாரியில் விருதுக் கேடயங்களுக்கு நடுவே திறக்கப்படாமலே வருஷக்கணக்கில் நிற்கும். யாராவது வந்தால், "இது எத்தனை யூரோ வரும், கூகுள்ல பாருங்க" என்று பேச்சு ஓடும். தோட்டத்தில் பங்காளி போட்ட கணக்கும் இதுவும் அண்ணன் தம்பி மாதிரிதான். ஒருவர் காசுக்கு எவ்வளவு ஏறும் என்று பார்க்கிறார், இன்னொருவர் எவ்வளவு காசு என்று பார்க்கிறார். பாட்டிலுக்குள் இருப்பதை ஒரு வாய் வைத்திருந்து பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. வேறு ஊர் என்றால் விட்டுவிடலாம். இது நாக்கும் மூக்கும் தெரியாத ஊரா? ஊத்துக்குளி வெண்ணெயைத் துளி எடுத்து மோந்து பார்த்தே எத்தனை நாள் ஆனது என்று சொல்கிற பெண்கள் இருக்கிற ஊர். நாட்டுச் சர்க்கரையை விரலால் தேய்த்து, நாக்கில் ஒரு துணுக்கு வைத்து, பாகு எந்தப் பதத்தில் இறக்கியது என்று சொல்லிவிடுகிற ஆட்கள் கவுந்தப்பாடிப் பக்கம் இருக்கிறார்கள். இவர்களிடம் ஒயின் மட்டும் ஏன் தோற்றுப்போகிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ஏத்தம் இல்லை என்கிறார்களே, அந்தக் கணக்கும் சரியில்லை. 180 மில்லி குவார்ட்டர், 42.8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அதற்குள் சுமார் 77 மில்லி ஆல்கஹால். 13.5 சதவீதம் உள்ள 750 மில்லி ரெட் ஒயின் பாட்டிலுக்குள் 101 மில்லி. ஒரு பாட்டில் ஒயினைத் தனி ஆளாகக் குடிப்பவர் குவார்ட்டர் அடித்தவரைவிடக் கூடுதலாகத்தான் குடித்திருக்கிறார். தண்ணீர் நிறைய இருப்பதால் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். இதைச் சொன்னால் பங்காளிகள் உடனே ஒயின் பக்கம் திரும்பிவிடுவார்களோ என்று கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

ஆயிரத்துச் சொச்சத்தில்

நான் பேசுவது விலை கூடிய பாட்டிலைப் பற்றி இல்லை. டாஸ்மாக் எலைட் கடையில் ஆயிரத்தை ஒட்டி, கொஞ்சம் முன்னே பின்னே விலையுள்ள, கனமான ரெட் ஒயின். நாசிக்கில் சூலா என்ற ஒயின் கம்பெனி 1999-ல் தொடங்கியது. அதற்கு முன்பே பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பக்கம் குரோவர் குடும்பம் ஒயினுக்குத் திராட்சைக் கொடி வைத்துவிட்டது. சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் ஃப்ராடெல்லி என்ற கம்பெனி இருக்கிறது. ஷிராஸ், கேபர்னே சாவிஞோன் என்ற திராட்சை ரகங்களில் செய்தது, இரண்டும் கலந்தது, இவைதான் நம் கைக்கு எளிதில் வருபவை. வெளிநாட்டு ஒயினுக்குப் பல காலமாகச் சுங்கவரி மட்டுமே 150 சதவீதம். 2022 டிசம்பர் 29-ல் அமலுக்கு வந்த ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தப்படி, இறக்குமதி விலை 5 டாலரிலிருந்து 15 டாலருக்குள் உள்ள பாட்டிலுக்கு அது 100 சதவீதமாகக் குறைந்தது, பத்து வருஷத்தில் படிப்படியாக 50-க்கு வர வேண்டும். ஆனாலும் மாநில வரியெல்லாம் சேர்ந்தபின், அடிலெய்டில் அன்றாடச் சாப்பாட்டுக்கு வாங்குகிற பாட்டில் இங்கே வந்து இறங்கும்போது விசேஷத்துக்கு வாங்குகிற பாட்டிலாகிவிடுகிறது. அதனால் நம் காசுக்குத் தகுந்த பாடம் நாசிக்கிலிருந்தும் நந்தி மலையிலிருந்தும்தான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்த விலையில் ஏன் கனமானதையே எடுக்கச் சொல்கிறேன்? பினோ நுவார் போன்ற மென்மையான ஒயினைக் குறைந்த விலையில் நன்றாகச் செய்வது கஷ்டம். பழம் கொஞ்சம் பிசகினாலும் அங்கே மறைக்க இடமில்லை. ஷிராஸ் வெயில் தாங்கும், தோல் தடிப்பு, நிறம் அள்ளிக் கொடுக்கும். நாசிக்கில் மழை முடிந்து கவாத்து பண்ணி, குளிர்காலம் முழுக்கப் பழுக்கவிட்டு, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுவடை. பகல் வெயிலில் சர்க்கரை ஏறும். அந்தச் சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறுகிறது. கனத்தில் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது.

கனம் என்று நான் எதைச் சொல்கிறேன்? பசும்பாலை ஒரு வாய், எருமைப் பாலை ஒரு வாய் தனித்தனியாக வைத்துப் பார்த்தால் நாக்கின்மேல் ஒரு வித்தியாசம் தெரியுமே, அதேதான். இனிப்போடு அதற்குச் சம்பந்தம் இல்லை. ஆல்கஹாலும், தோலிலிருந்து இறங்கிய சாறும், துவர்ப்பும் சேர்ந்து வாயில் ஓர் எடையாக உட்காருகிறது. கறுப்புத் திராட்சையைப் பிழிந்தால் அநேகமாக எல்லா ரகத்திலும் சாறு வெளுப்பாகத்தான் வரும். நிறம் தோலில் இருக்கிறது. அதனால் ரெட் ஒயினுக்குச் சாற்றைத் தோலோடும் கொட்டையோடும் சேர்த்தே தொட்டியில் ஒரு வாரம், இரண்டு வாரம் நொதிக்க விடுகிறார்கள். மேலே மிதந்து வரும் தோலை அடிக்கடி சாற்றுக்குள் அமுக்கிவிட வேண்டும். அப்போது இறங்குவதுதான் நிறமும் டானினும். டானின் என்பது வாழைப்பூவிலும் பாக்கிலும் நாம் அறிந்த அதே துவர்ப்பு. எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாயின் வழுவழுப்புப் போய், ஈறும் கன்னத்தின் உள்பக்கமும் இழுத்துப் பிடிக்கும். நம் ஊர் ஆட்கள் முதல் வாயிலேயே முகம் சுளிப்பது இதற்குத்தான். திராட்சை என்றதும் தொண்டாமுத்தூர்ப் பக்கம் விளைந்த பன்னீர் திராட்சைதான் நம் நாக்குக்கு ஞாபகம் வரும். கமகமவென்று வாசம், தண்ணியான இனிப்பு. ஷிராஸ் பழம் அதில் பாதிகூட இருக்காது. சின்னது, தோல் தடிப்பு, தின்பதற்கு லாயக்கில்லை. அந்த லாயக்கில்லாத தோலில்தான் ஒயினின் சரக்கெல்லாம் இருக்கிறது.

மாமாவின் மூக்கு

என் மாமா ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் பண்ணுகிறார். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விவசாயிகள் கொண்டுவந்து வைத்த சாம்பிள்களுக்கு முன்னால் அவர் நடந்து போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். விரலி மஞ்சளில் ஒன்றை எடுப்பார், இரண்டு கட்டை விரலையும் வைத்து ஒடிப்பார். ஒடியும் சத்தத்தில் காய்ந்த பதம் தெரியும், உள்ளே இருக்கும் நிறத்தில் தரம் தெரியும். அப்புறம் உடைந்த முனையை மூக்கருகே கொண்டுபோய் ஒரே ஒரு முறை இழுப்பார். இரண்டாம் முறை இழுக்க மாட்டார். "ரெண்டாவதா மோந்தா மூக்கு நம்ம ஆசைப்பட்டதச் சொல்லும் மாப்ள" என்பார். ஏலத்துக்குப் போகும் நாளில் வெற்றிலை போடுவதில்லை. சாராய வாசம் வாயில் இருந்தால் சாம்பிள் பக்கமே போவதில்லை. எப்போதாவது, விசேஷத்துக்கு, இரண்டு பெக்.

போன கோடையில் அவர் வீட்டுக்கு ஒரு நாசிக் ஷிராஸ் கொண்டுபோனேன். வேண்டுமென்றே விலையைச் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. கலிஃபோர்னியாவில் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆட்களை மூளை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும் ஒருமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்று சொன்னபோது நன்றாக இருக்கிறது என்றார்கள். சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை. இன்பத்தை உணர்கிற மூளைப் பகுதியே கூடுதலாக வேலை செய்திருந்தது. அலமாரி பாட்டிலுக்கு முன்னால் 'ஆஹா' என்பவர்களும் ஸ்பிரைட் கலப்பவர்களும் நடிக்கவில்லை, விலை நிஜமாகவே வாய்க்குள் புகுந்துவிடுகிறது என்றுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் ஒயின் கிளாஸ் எல்லாம் கிடையாது. கண்ணாடி டம்ளர்தான். மாமா அதில் இரண்டு விரல்கடை அளவு ஊற்றச் சொன்னார். உள்ளங்கையால் வாயை மூடி, நாலு சுற்று சுற்றி, கையை எடுத்து, ஒரே இழுப்பு. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாய் எடுத்தார், விழுங்கவில்லை, கன்னத்துக்குக் கன்னம் மாற்றினார். கை தன்னால் மேல் ஈறுப் பக்கம் போனது.

"இறுக்கிப் புடிக்குது" என்றார். "ஆனா மேல ஸ்பிரிட் நெடிதான் நிக்குது மாப்ள. அதுக்கு அடியில சரக்கு இருக்கு, மேல வர மாட்டேங்குது. இது நெம்பச் சூடா இருக்குது."

வீட்டுக்குள் 34 டிகிரி இருந்திருக்கும். ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். அது குளிர் நாட்டுக் கல் வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. ஈரோட்டு மே மாத அறையில் ஆல்கஹால் முதலில் ஆவியாகி மூக்கில் ஏறிவிடும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இதை எந்தப் புத்தகமும் படிக்காமல் அவர் ஒரு வாயில் கண்டுபிடித்தது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. ஃபிரிட்ஜில் வைத்தால் இந்த வெயிலில் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அத்தை ஒரு குண்டாவில் தண்ணீரும் ஐஸும் போட்டுக் கொண்டுவந்தார், கால் மணி நேரம் பாட்டில் அதில் நின்றது.

"இருதயத்துக்கு நல்லதாமே கண்ணு, டாக்டருங்களே சொல்றாங்களாமா?" என்று அத்தை கேட்டார். இல்லீங்க அத்தை என்றேன். எந்த அளவும் பாதுகாப்பான அளவு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. மருந்து என்று பெயர் சொல்லிக் குடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ருசிக்காக, கொஞ்சமாக, அவ்வளவுதான்.

இரண்டாவது ஊற்றலில் மாமா அதே மாதிரி மூடி, சுற்றி, இழுத்தார். இந்த முறை உடனே பேசினார். "மொளகு."

"மொளகுங்களா?"

"புது மொளகு இல்ல. மூட்டையில போட்டு வெச்ச மொளகு. அதுக்குப் பொறவு நாவப்பழம். கடைசியில தொண்டைக்குக் கீழ போனதுக்கு அப்பறமும் ஈறுல நிக்குது பாரு, எண்ணிப் பாத்தா பத்து வரைக்கும் நிக்கும்."

நான் டம்ளரை வாங்கி மோந்து பார்த்தேன். நாவல் பழம் இருந்தது. ஈறில் பிடிப்பது இருந்தது. மிளகு இல்லை. ஷிராஸ் பாட்டிலின் பின்பக்க லேபிளில் மிளகு, மிளகு என்று எழுதியிருப்பதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். எனக்கு ஒரு நாளும் தட்டுப்பட்டதில்லை. லேபிள் எழுதுபவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள் என்றுகூட நினைத்திருந்தேன். மாமா அந்த லேபிளைப் படிக்கவில்லை. கண்ணாடியும் போட்டிருக்கவில்லை.

ஐந்தில் ஒருவர்

ஊருக்குத் திரும்பியபின் தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஷிராஸில் வரும் மிளகு வாசத்துக்குக் காரணமான பொருளின் பெயர் ரோட்டண்டோன். ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் 2008-ல் இதைக் கண்டு சொன்னார்கள். நிஜ மிளகில் இருப்பதும் இதே பொருள்தான். சின்னஞ்சிறு அளவே போதும், மூக்கு பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்த ஆய்வில் மோந்து பார்த்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, அளவைப் பல மடங்கு கூட்டிக் கொடுத்தபோதும் தெரியவே இல்லை. அந்த வாசத்தைப் பிடிக்கிற மூக்கு அவர்களுக்கு இல்லை. நான் அந்த ஐந்தில் ஒருவன் என்றுதான் தோன்றுகிறது.

இதில் எனக்கு வருத்தம் வரவில்லை, ஒரு பெரிய நிம்மதி வந்தது. ஒயினை ரசிப்பது என்றால் புத்தகத்தில் உள்ள இருபது வாசங்களையும் வரிசையாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற பாரம் இறங்கிப் போயிற்று. என்னிடம் இருக்கும் வாயை வைத்துத்தானே நான் குடிக்க முடியும்? வாசம் ஆளுக்கு ஆள் மாறட்டும். கனமும் பிடிப்பும் விழுங்கியபின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் எனக்கு நன்றாகவே தெரிகிறது. இந்த விலையில் உள்ள ஒயினை எடைபோட இவை மூன்றும் போதும் என்பேன். மோசமான மலிவு ஒயினில் கனம் இருக்கும், பிடிப்பும் இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. முன் நாக்கில் ஜாம் மாதிரி ஓர் இனிப்பு, தொண்டையில் ஓர் எரிச்சல், நடுவில் ஒன்றுமில்லை. விழுங்கியதும் ஓடிப்போய்விடும். நல்ல மலிவு ஒயின் நடுவாயில் நிற்கும். மாமா சொன்ன அந்தப் 'பத்து வரைக்கும்' என்பது விளையாட்டான அளவுகோல் இல்லை. ஒயின் படித்தவர்களும் விழுங்கியபின் நிற்கும் நேரத்தைத்தான் தரத்துக்கு முக்கிய அடையாளமாக வைக்கிறார்கள்.

பங்காளிக்கு என் பதிலும் இங்கேதான் கிடைத்தது. அவர் ஒரே மடக்கில் குடித்தார். ஒரே மடக்கில் குடித்தால் எந்த ஒயினும் புளித்த தண்ணீர்தான். ஒரு வாயைப் பத்து எண்ணும்வரை வைத்திருந்து விழுங்கினால் அங்கே நடப்பது வேறு. முதலில் எடை, அப்புறம் புளிப்பு எச்சிலைக் கூட்டுவது, அப்புறம் துவர்ப்பு அதைப் பிடித்து இழுப்பது, கடைசியில் பழம் திரும்பி வருவது. ஆயிரம் ரூபாய் அந்தப் பத்து விநாடிக்கு. ஒரு பாட்டிலில் ஐந்து கிளாஸ், கிளாஸுக்கு எத்தனை வாய் என்று பார்த்தால் கொடுத்த காசுக்கு மேலேயே இருக்கிறது.

சாப்பாட்டோடு

கிடா விருந்து அன்று இலையில் பள்ளிபாளையம் சிக்கன் இருந்தது. பங்காளி ஸ்பிரைட் கலந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் போட்டுப் புரட்டிய அந்தக் கோழியைத் தின்றுவிட்டு 14 சதவீத ஒயினைக் குடித்தால் ஆல்கஹால் காரத்தைத் தூக்கிவிடும், துவர்ப்பு அதற்குமேல் சுள்ளென்று ஏறும். எரிகிற வாய்க்கு ஸ்பிரைட்தான் வேண்டும், பங்காளியின் உடம்பு சரியாகத்தான் கேட்டிருக்கிறது. கொங்குச் சமையல் முழுக்க அப்படியில்லை என்பதுதான் நம் அதிர்ஷ்டம். மிளகும் சீரகமும் அரைத்து, காரத்தை அடக்கி வைத்த வெள்ளாட்டுக் கறி வறுவல் பிரமாதமாகச் சேரும். கறியின் கொழுப்பும் புரதமும் டானினைப் பிடித்துக்கொள்வதால் ஈறு தப்பித்துவிடும், ஒயின் திடீரென்று வழுவழுப்பாகிவிடும்.

ஆனால் நான் சத்தியம் பண்ணிச் சொல்வது அரிசிம்பருப்புச் சோற்றுக்கு. அன்று ராத்திரி அத்தை ஆக்கியது அதுதான். துவரம் பருப்பு, பூண்டு, சீரகம், கொஞ்சம் மிளகாய், மேலே தாராளமாக நெய். ஒரு வாய் சோறு, ஒரு சிறு வாய் ஷிராஸ். நெய்யும் பருப்பும் நாக்கில் ஒரு படலம் போட்டுவிடுகின்றன, துவர்ப்பு வந்து அதைத் துடைத்துவிடுகிறது, அடுத்த வாய் சோறு முதல் வாய் மாதிரியே ருசிக்கிறது. நெய்ச் சோறு திகட்டாமல் இறங்கியதை அன்றுதான் பார்த்தேன். இந்தச் சேர்க்கையை யாரும் எழுதி நான் படித்ததில்லை. எழுதப்பட வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

பாதிப் பாட்டில் மிச்சமிருந்தது. மூடியைத் திருகி ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். கனமான ரெட் ஒயினுக்கு இந்த வசதி உண்டு. டானின் காற்றோடு போராடுவதால் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தாக்குப்பிடிக்கும், முரட்டுத் துவர்ப்பு கொஞ்சம் தணிந்தும் போகும். மறுநாள் ராத்திரி மாமா போன் பண்ணினார்.

"இன்னைக்கு நேத்தைவிட நல்லா இருக்குது மாப்ள. புடி கொறஞ்சு போச்சு, பழம் மேல வந்துருச்சு. இது எவ்வளவு?"

விலையைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஒரே சாம்பிளப் பாத்து நான் ரேட் சொல்ல மாட்டேன். அடுத்த வாட்டி வாரப்ப ரெண்டு கொண்டா. ஒண்ணு இதே ஊர்ச் சரக்கு, ஒண்ணு வேற. பேர மறைச்சு வெச்சுக் குடு."

இரண்டையும் எடுத்து வைத்துவிட்டேன். நாசிக் ஷிராஸ் ஒன்று, அர்ஜென்டினா மெண்டோசாவிலிருந்து ஒரு மால்பெக். மால்பெக் முதலில் பிரான்ஸின் கஹோர் பக்கத்துக் கொடி, 1853-ல் அர்ஜென்டினாவுக்குப் போய் ஆண்டிஸ் மலையடி வெயிலில் வேறு பிறவி எடுத்தது. இதுவும் கனமானதுதான், ஆனால் துவர்ப்பு ஷிராஸைவிட மெத்தென்று இருக்கும், விலை இங்கே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இரண்டையும் செய்தித்தாளில் சுற்றி, ஐஸ் தண்ணீரில் நிறுத்தி, ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் எழுதி அவர் முன்னால் வைக்கப் போகிறேன். வரிகளைக் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே தட்டில் நிற்கும் என்பது என் ஊகம். அன்று அந்தப் பங்காளியையும் கூப்பிட்டிருக்கிறேன், ஸ்பிரைட் வாங்கி வைக்கப் போவதில்லை.